ரத்தம் உறையாமல் இருக்க ஊசி.. ஆனா பிளேட்லெட் பாதியா குறையுதா? ஹெப்பாரின் பாதிப்பு பற்றி தெரிஞ்சுக்கோங்க!

பிளேட்லெட் என்றாலே நமக்கு டெங்குதான் ஞாபகம் வரும். எண்ணிக்கை குறைஞ்சா ரத்தக்கசிவு வரும், உடனே பிளேட்லெட் ஏத்தணும் என்பதுதான் பலருக்கும் தெரிந்த கணக்கு. இந்தக் கணக்கு தலைகீழாகும் ஒரு பாதிப்பு இருக்கிறது. அதற்குக் காரணம், ரத்தம் உறையாமல் இருக்க போடப்படும் ஹெப்பாரின் ஊசி.

மாரடைப்பு, இதய அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், காலில் ரத்தக்கட்டி என பல சிகிச்சைகளில் இந்த மருந்து தேவைப்படுகிறது. 'பிளட் தின்னர்' என்று சொன்னாலும் ரத்தம் ஒன்றும் தண்ணியாகிவிடாது. உறைவது தடுக்கப்படும், அவ்வளவுதான்.

அப்புறம் பிளேட்லெட் ஏன் குறைகிறது?

பிளேட்லெட்டுகள் 'பிஎஃப்4' என்ற புரதத்தை வெளியிடும். ஹெப்பாரின் அதோடு போய் ஒட்டிக்கொள்ளும். சிலரது உடல் இந்தக் கூட்டணியை எதிரி என்று நினைத்து ஆன்டிபாடிகளை உருவாக்கிவிடுகிறது. அவை பிளேட்லெட்டுகளை உசுப்பிவிட, ரத்தக்குழாய்க்குள் ஆங்காங்கே ரத்தம் உறையத் தொடங்குகிறது. ஆக, எண்ணிக்கை குறைந்தாலும் இங்கே பெரிய ஆபத்து ரத்தக்கசிவு இல்லை, ரத்தக்கட்டிதான். கால், நுரையீரல், மூளை என எங்கு வேண்டுமானாலும் அது அடைக்கலாம்.

ரிப்போர்ட்டில் 'நார்மல்'னு இருந்தாலும் கவனம்!

பொதுவாக ஊசி தொடங்கிய 5 முதல் 10 நாட்களுக்குள் இது தெரியவரும். வழக்கமான அளவு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை. 4 லட்சம் இருந்தவருக்கு 1.8 லட்சமாக இறங்கினால், லேப் ரிப்போர்ட் நார்மல் என்றே காட்டும். ஆனால் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறதே! மருத்துவர்கள் சந்தேகப்படுவது இந்தச் சரிவைத்தான். அதனால் பழைய ரிப்போர்ட்டை தூக்கிப் போடாதீங்க. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே சொல்லிவிடுங்கள்.

பாதிப்பு இருக்கலாம் என்று தெரிந்தால் ஹெப்பாரினை முழுவதுமாக நிறுத்துவார்கள். டிரிப்ஸ் குழாய் அடைக்காமல் இருக்க விடும் துளியளவு ஹெப்பாரினும் கூடாது. நிறுத்தினால் மட்டும் போதாது, அர்கட்ரோபன் போன்ற மாற்று மருந்தும் தேவை. ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்குப் பொதுவாக பிளேட்லெட் ஏற்றுவதில்லை. 'ஏன் டாக்டர் ஏத்தல?' என்று உறவினர்கள் பதறுவதும் இந்த இடத்தில்தான்.

பயப்பட வேண்டாம், இது எல்லோருக்கும் வருவதில்லை. எனாக்ஸாபரின் போன்ற புதிய வகை ஹெப்பாரினில் 100-ல் ஒருவருக்கும் குறைவுதான். பழைய வகையில் கொஞ்சம் அதிகம். வீட்டில் சாப்பிடும் ஆஸ்பிரின் மாத்திரை வேறு விதமாக வேலை செய்வது. இதைப் படித்துவிட்டு அதை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

ஒருமுறை இந்தப் பாதிப்பு வந்தவர்கள் அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். சுமார் 100 நாட்களுக்குள் மறுபடியும் ஹெப்பாரின் போட்டால், 5 நாள் வரை காத்திருக்காது. ஒரே நாளில் பிளேட்லெட் சரிந்துவிடலாம்.