ஆள் இல்லாத ஒலிவத் தோப்பு



ஓர் ஓவியத்தை இன்று மனக்கண் முன் நிறுத்துவோம். பின்னணியில் நீல மலைகள். அடிவாரத்தில் முறுக்கேறிய ஒலிவ மரங்கள். வானில் பெரிய வெண்மேகம். ஆள் நடமாட்டம் இல்லை. மத்தியதரைக் கடலை ஒட்டிய தென் பிரான்சில், சேன் ரெமி என்னும் ஊரில், 1889 ஜூனில் வின்சென்ட் வான் கோ வரைந்தது இது.

வான் கோ, நெதர்லாந்தில் சீர்திருத்த சபைப் போதகர் ஒருவரின் மகன். 1879-இல் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே நற்செய்தி அறிவித்தார். தம் உடைமைகளை அவர்களுக்கே கொடுத்துவிட்டுக் குடிசையில் தங்கினார். பொறுப்பாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. பணியை நீட்டிக்க மறுத்தார்கள். அதன்பின் ஓவியத்தையே தம் வாழ்வாக்கிக்கொண்டார்.

கெத்சமனியில் துயருற்ற இயேசுவை வரைய 1888-இல் இருமுறை முயன்றார். இருமுறையும் சுரண்டி அழித்துவிட்டார். மறு ஆண்டு மே மாதம், மனநோயின் காரணமாகத் தாமே முன்வந்து சேன் ரெமி மருத்துவமனையில் சேர்ந்தார். முன்பு துறவியர் மடமாக இருந்த இடம் அது. அருகில் ஒலிவத் தோப்புகள். அவ்வாண்டில் ஏறக்குறைய 15 முறை அவற்றை வரைந்தார்.

நண்பர்களான கொகேனும் பெர்னாரும் ஒலிவத் தோட்டத்து இயேசுவை வரைந்தபோது அவருக்கு உடன்பாடில்லை. கெத்சமனியை நேரே காட்டாமலே வேதனையை உணர்த்தலாம் என்று பெர்னாருக்கு எழுதினார். அந்த டிசம்பரில் ஒலிவக் காய் பறிக்கும் பெண்களை வரைந்தார். 1890 ஜூலை 29-இல், 37 வயதில் இறந்தார்.

கெத்சமனி என்றால் எண்ணெய்ச் செக்கு என்று பொருள். நசுங்கினால்தான் எண்ணெய். நம் தென்னேரியில் ஒலிவ மரம் இல்லை. திரையன் ஏரி என்பதே தென்னேரி ஆயிற்று என்பார்கள் பெரியவர்கள். அந்த ஏரித் தண்ணீரை நம்பி, குனிந்த முதுகோடு நாற்று நடும் பெண்கள் நம்மிடையே உண்டு. காஞ்சியில் குழித்தறியில் கால் வைத்து, அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டு நெய்பவர்கள் உண்டு. மனநோயை அக்கம்பக்கத்தாரிடம் சொல்லக் கூசி, கதவைச் சாத்திக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு.

பாடுபட்ட சுரூபத்தின் முன் முழந்தாளிடும் நாம், அந்தக் கதவைத் தட்டியிருக்கிறோமா? கெத்சமனியில் இயேசு சீடர்களிடம் கேட்டது ஒரு மணி நேரத் துணையைத்தான். அவர்கள் உறங்கிவிட்டார்கள். இந்த வாரம் ஒரு வீட்டுக்குப் போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்போம். அதற்கான வரத்தை ஆண்டவரிடம் மன்றாடுவோம். ஆமென்.