வணிகக் குற்றம்: சமண நூலும் திருவிதாங்கூர்ச் சட்டமும்

குற்றவியல் சட்டம் என்றால் கொலை, கொள்ளைக்கு மட்டும்தான் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். தராசு பிடிப்பவனுக்கும் அதில் இடம் உண்டு.

ஒற்றசேகரமங்கலம், பாறசாலைப் பக்கம் கடை நடத்தும் தமிழர்களுக்கு இது கூடுதலாகவே தெரிந்திருக்க வேண்டும். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பழகிய சந்தைக்கு நடுவே எல்லைக்கோடு விழுந்தது.

அக்கோட்டுக்கு அந்தப் பக்கம் சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டுச் சமணக் கல்வெட்டு இருக்கிறது. ஆகவே சமண அறம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. உமாஸ்வாமியின் தத்வார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்துக்கு ஐந்து மீறல்களைச் சொல்கிறது: திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அரசு விதியை மீறுவது, அளவில் ஏமாற்றுவது, கலப்படம் செய்வது. 1860இல் இயற்றி 1862 முதல் நடப்புக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்திலும் தூண்டுதல், திருட்டுப் பொருள், பொய் எடை, கலப்படம் எல்லாம் தனித்தனிப் பிரிவுகளாக இருந்தன.

மூன்றாவது மீறல் மட்டும் தனி ரகம். திருவிதாங்கூரில் புகையிலை அரசின் ஏகபோகமாக இருந்தவரை, தனியார் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தால் குற்றம். 1863இல் ஏகபோகத்தை எடுத்ததும் அதுவே சாதாரண வியாபாரம் ஆயிற்று. ஆனால் எடைக் கள்ளம் அதற்கு முன்னும் குற்றம், பின்னும் குற்றம். விதி மாறும், வஞ்சகம் மாறாது. அதற்காக, மாறக்கூடிய விதிதானே என்று அலட்சியம் கூடாது. சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

அடுத்தது எண்ணம். வஞ்சக நினைப்பு இல்லாமல் மோசடிக் குற்றம் இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் ராத்திரியில் பாதி விலைக்கு ரப்பர் ஷீட் கொண்டுவந்தால், “திருட்டு என்று தெரியாது” என்பது எடுபடாது. திருட்டு என்று நம்பக் காரணம் இருந்தாலே போதும். மூன்றாண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இதுவே நிலை. எடைக் குற்றம் இப்போது 2009ஆம் ஆண்டின் சட்ட அளவையியல் சட்டத்தில் வருகிறது. அதில் முத்திரை வைக்காத தராசில் நிறுத்தாலே தண்டம். நினைப்பு என்ன என்று கேட்கமாட்டார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும். பிற மாநிலத்தில் ஒருவன் செய்கிற தப்பு ஊர்த் தமிழர் எல்லோர் தலையிலும் விழும். மனசை யாரும் திறந்து பார்க்க முடியாது. கோர்ட்டில் பார்ப்பது பில்லையும் கணக்கையும்தான்.