திண்டுக்கல் வட்டாரத்தில் பண்பாட்டுக் கல்வி

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் வாழும் மக்களின் பண்பாடும் வெளியுலகப் பண்பாடுகளும் உயர்கல்விக்குள் நுழைந்த கதை, பெரும்பகுதி காந்திகிராமத்தின் கதைதான். 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் தமிழகத்துக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்த வேலை இங்கே தொடங்கிவிட்டது.

காந்திகிராமம் 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே, சிறுமலை அடிவாரத்தில் உருவானது. நிறுவியவர்கள் மருத்துவர் டி. எஸ். சௌந்தரமும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும். டி.வி.எஸ். தொழில் குடும்பத்து மகளான சௌந்தரம் பின்னாளில் நடுவண் கல்வித் துணை அமைச்சரானார். இராமச்சந்திரன் சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்தவர். கிராமப் பணி என்றால் இராட்டையோடு நின்றுவிடாமல் கலையும் உலக நோக்கும் அதில் சேர்ந்ததற்கு அந்தப் படிப்பும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

1948–49இல் இயங்கிய இராதாகிருஷ்ணன் பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கர் உறுப்பினராக இருந்தார். ஊரகப் பல்கலைக்கழகம் என்ற யோசனையில் அவர் பங்கு பெரிது. டென்மார்க்கில் 1844 முதல் நடந்துவந்த மக்கள் கல்லூரிகளை அக்குழு எடுத்துக்காட்டியது. உழவர் வீட்டு இளைஞர்கள் அங்கே தேர்வுக்காகப் படிக்கவில்லை. தம் நாட்டு வரலாறு, பாட்டு, மொழி ஆகியவற்றுக்காகக் கூடினார்கள். பின்னர் நடுவண் அரசு ஊரக நிறுவனங்களைத் தொடங்கியபோது, 1956இல் காந்திகிராமமும் அவற்றில் ஒன்றானது. ஊரகச் சேவை டிப்ளமோ படித்தவர்கள் பக்கத்து ஊர்களுக்குப் போய் வேலை செய்தார்கள். நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

அந்தப் பக்கத்து ஊர்களே ஒரு பாடத்திட்டம் அளவுக்கு விரிந்தவை. சின்னாளபட்டியில் தேவாங்கர் தறிகளும் சுங்குடிச் சேலைகளும், திண்டுக்கல் பேகம்பூரில் முஸ்லிம் குடும்பங்கள், சமவெளிச் சிற்றூர்களில் வீட்டில் தெலுங்கு பேசி, விழாவில் தேவதுந்துபி முழங்கத் தேவராட்டம் ஆடும் கம்பளத்து நாயக்கர், சிறுமலையில் பளியர் பழங்குடியினர். மாணவர்கள் சில நாள் ஊரிலேயே தங்கிப் பணிபுரியும் பயிற்சி இன்றும் உண்டு. சுகாதாரக் கணக்கெடுப்புக்குப் போன மாணவர் அந்த வீட்டுத் திருமண முறையையும் குலதெய்வத்தையும் தெரிந்துகொண்டு திரும்புவது இங்கே வழக்கம். இதை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது. தமிழ், இந்திய மொழிகள், ஊரகக் கலைகள் ஆகியவற்றை ஒரே புலத்தின்கீழ் வைத்ததும் இதே எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

உலகமும் இங்கே வந்தது. 1959 பிப்ரவரியில் இந்தியாவில் பயணம் செய்த மார்ட்டின் லூதர் கிங், காந்திகிராமத்துக்கும் வந்தார். அவர் முன்னின்ற கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டத்தின் அடுத்த தலைமுறை, 1968–69இல் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் நீண்ட வேலைநிறுத்தம் நடத்தி, இனப் பண்பாட்டுக் கல்விக்கென ஒரு தனிக் கல்லூரியைப் பெற்றது. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளிலும் பிறகு அப்படிப்பு பரவியது.

தமிழகத்திலும் புதுச்சேரியிலும் சமுதாயக் கல்லூரி வேறு தேவையிலிருந்து பிறந்தது. 1995இல் புதுச்சேரியிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் தொடங்கிய இக்கல்லூரிகள், பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் வேலை தேடித்தர முயன்றன. வாழ்க்கைத்திறன், தொழில்திறன், களப்பயிற்சி என்பது அவற்றின் பாட அமைப்பு. பல்கலைக்கழக மானியக் குழு 2013-14இல் கொண்டுவந்த திட்டமும் திறன்பயிற்சியையே மையமாக வைத்தது. பண்பாட்டுக்கு அதில் மிஞ்சும் இடம் வாழ்க்கைத்திறன் வகுப்புதான். அதை மேடைப்பேச்சுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் செலவிடுவதா, வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் ஊர்க்கதைக்குச் செலவிடுவதா என்பது பெரும்பாலும் ஆசிரியர் கையில் இருக்கிறது.