விண்மீனும் செயற்கைக்கோளும்: கடலில் வேகம் அளந்த வரலாறு

நிலத்தில் செல்வோனுக்கு மைல்கல் உண்டு. கடலில் செல்வோனுக்கு அது இல்லை. காலடியில் உள்ள நீரும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே கப்பலின் வேகத்தைக் கணிக்க, நகராத ஒன்றை முதலில் தேட வேண்டியிருந்தது. தரையின் இருளிலும் கடலின் இருளிலும் வழி அறிய நட்சத்திரங்களை இறைவன் அமைத்தான் என்பது அல்அன்ஆம் அத்தியாயத்தின் 97ஆம் வசனம் உணர்த்தும் செய்தி. இந்துமாக்கடலின் அரபு மாலுமிகள் இந்த அருட்கொடையை ஒரு கணிதமாகவே வளர்த்தெடுத்தனர்.

இன்றைய ராஸ் அல்கைமாவை அடுத்த ஜுல்ஃபாரில் தோன்றிய அஹ்மத் இப்னு மாஜித், ஹிஜ்ரி 895இல் (கி.பி. 1489–90) தமது ‘கிதாபுல் ஃபவாயித்’ நூலை நிறைவு செய்தார். அடுத்த தலைமுறையில் சுலைமான் அல்மஹ்ரீ இக்கலையை மேலும் ஒழுங்குபடுத்தினார். அவர்கள் கையாண்ட கருவி மிக எளியது: ‘கஷபா’ என்னும் மரப்பலகை. பிற்காலத்தில் முடிச்சிட்ட கயிற்றுடன் ‘கமால்’ என்று பெயர் பெற்றதும் இவ்வகைக் கருவியே. பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பை நட்சத்திரத்திலும் பொருத்தி உயரத்தை அளந்தனர். அளவின் பெயர் ‘இஸ்பா’, அதாவது விரல். வட்டம் முழுவதற்கும் 224 இஸ்பா என்பது ஒரு கணக்கு. அதன்படி ஓர் இஸ்பா ஏறத்தாழ 1.6 பாகை.

வேகத்தின் இரகசியம் ‘ஸாம்’ என்ற சொல்லில் அடங்கியிருக்கிறது. வழக்கில் ஸாம் என்பது மூன்று மணி நேரப் பயணம். வரையறைப்படி அது ஓர் இஸ்பாவின் எட்டில் ஒரு பங்கு தூரம். நேரே வடக்கு நோக்கி ஒரு பகலும் இரவும் ஓடினால் துருவ நட்சத்திரம் ஒரு விரல் உயரும் என்பதே இரண்டையும் இணைக்கும் கணக்கு. இன்றைய அளவில் ஓர் இஸ்பா சுமார் 96 கடல்மைல். ஒரு ஸாம் 12 கடல்மைல். வேகம் மணிக்கு நான்கு கடல்மைல். காற்று வலுத்தாலும் ஓய்ந்தாலும் நேர ஸாமும் தூர ஸாமும் ஒன்றாக இரா. அம்மாலுமிகள் இதனை அறிந்தே இரண்டுக்கும் தனித்தனிப் பெயரிட்டனர்.

இம்முறையின் துல்லியம் எத்தகையது? கால் இஸ்பா பிழைத்தால் 24 கடல்மைல் பிழைக்கும். ஒரு நாள் ஓட்டத்தில் இது கால் பங்கு; ஆனால் பத்து நாள் ஓட்டத்தில் நாற்பதில் ஒரு பங்கே. அளவின் பிழை பயணத்தோடு வளர்வதில்லை என்பதே காரணம். எனினும் நேர் கிழக்கிலோ மேற்கிலோ செல்லும்போது துருவ நட்சத்திரத்தின் உயரம் மாறாது. அங்கே அனுபவமே அளவுகோல்.

ஐரோப்பியர் வேறு வழி கண்டனர். மரக்கட்டை பிணைத்த முடிச்சுக் கயிற்றைக் கடலில் விட்டு, மணற்கடிகை ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைநழுவின என்று எண்ணினர். 1574இல் வெளிவந்த வில்லியம் போர்னின் நூல் இதனை விளக்குகிறது. ‘நாட்’ என்ற வேக அலகு இந்த முடிச்சிலிருந்து பிறந்தது. ஆனால் இது நீரை நோக்கிய வேகமே; நீரோட்டம் கப்பலை எங்கே இழுத்துச் செல்கிறது என்பதை அக்கயிறு சொல்லாது.

செயற்கைக்கோள் வழிகாட்டி மீண்டும் வானத்தையே நாடுகிறது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியது. நூறு மீட்டர் அளவில் இருந்த பிழை சில மீட்டராகக் குறைந்தது. ஆயினும் நான்கு நாட் வேகத்தில் செல்லும் படகு நொடிக்கு இரண்டு மீட்டரே நகர்கிறது. அடுத்தடுத்த நொடிகளின் இடங்களைக் கழித்துப் பார்க்கையில் ஒரு மீட்டர் தவறினால் பாதி வேகம் பொய்யாகும். ஒரு மணி நேரத்துக்குக் கணக்கிட்டாலோ அப்பிழை பொருட்டன்று. எனவேதான் கருவிகள் சமிக்ஞையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு, டாப்ளர் விதிப்படி, நொடி வேகத்தை அறிகின்றன. அப்போதும் கிடைப்பது நிலத்தை நோக்கிய வேகமே. எதிர் நீரோட்டத்தில் ஐந்து நாட் வேகத்தில் நீரைக் கிழிக்கும் படகைக் கருவி மூன்று என்று காட்டலாம், இரண்டும் மெய்யே.

கமாலே இன்றைய வழிகாட்டிக் கருவியின் மூதாதை எனப் பெருமை பேசுவது மிகை. அரபு மாலுமிகள் குத்துமதிப்பாக ஓடினர் என்று ஒதுக்குவது அதனினும் பெரிய அநீதி. எதை அளக்கிறோம், எந்த அளவுக்கு அதனை நம்பலாம் என்று வரையறுத்ததே அவர்களின் அறிவு. தமிழின் ‘மாலுமி’ என்ற சொல் அரபியின் ‘முஅல்லிம்’ என்பதிலிருந்து வந்தது. அதன் பொருள் ஆசிரியர். கருவி எண்ணைத் தரும். அந்த எண்ணின் பொருளைக் கற்பிக்க என்றும் ஒரு முஅல்லிம் வேண்டும்.