பந்தல் எத்தனை கால்ல நிக்குது? – தமிழ் தலைவாஸ் ஏலச் சண்டைகளின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு சண்டையில இருந்து ஆரம்பிக்குது.

2022 ஆகஸ்ட் 5. மும்பையில் புரோ கபடி ஒன்பதாவது சீசனுக்கான ஏலம். நான் கமுதியில் மாமா வீட்டுத் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். வேலை ஒரு ஜன்னலில், ஏலம் இன்னொரு ஜன்னலில். பவன் செராவத் பெயர் வந்தது. தொகை ஏறிக்கொண்டே போய் 2 கோடியே 26 லட்சத்தில் நின்றது. எடுத்தது நம்ம தமிழ் தலைவாஸ். அதற்கு முந்தைய வருஷம் பர்தீப் நர்வாலுக்குப் போன 1 கோடியே 65 லட்சம்தான் அதுவரை சாதனை. நான் துள்ளிக் குதித்துவிட்டேன்.

மாமா அசையவில்லை. "ஒரு டீமுக்கு மொத்தம் எவ்வளவு காசுடா?" என்று கேட்டார்.

"4 கோடியே 40 லட்சம் மாமா."

"அப்ப பாதிக்கு மேல ஒருத்தன் மேலயே கட்டிட்டாய்ங்க. ஒத்தக் கால்ல பந்தல் போட்டா, காத்து வர்ற வரைக்கும்தான் மாப்ள நிக்கும்."

என் பக்கம் எக்செல் ஷீட் இருந்தது. தொடர்ந்து மூன்று சீசனாக லீகிலேயே அதிக ரெய்டு பாயிண்ட் எடுத்தவர் பவன்: 271, 346, 304. பெங்களூரு புல்ஸுக்கு ஆறாவது சீசன் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். மாமா பக்கம் இருந்தது ஒன்றே ஒன்று: தொண்ணூறுகளில் ஊர் டீமுக்கு வலது கார்னரில் நின்று பிடித்த அனுபவம். காபி ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை போட்டோம்.

இரண்டே மாதத்தில் மாமா ஜெயித்தார். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது எங்கள் இருவர் கணக்கிலும் இல்லாத ஒன்று. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போகணும்.

ஊர் ஆட்டத்துல ஆள் எடுக்குறது

ஏலத்தைப் பற்றிப் பேசும்போது, ஆள் எடுப்பது என்கிற விஷயமே 2014-ல் டிவியோடு வந்த மாதிரி நினைக்கிறோம். எங்கள் பக்கம் சித்திரை, வைகாசித் திருவிழா சமயத்தில் ராத்திரி கபடிப் போட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அப்படி இல்லை. டியூப் லைட் கட்டி, மைக்கில் ஒரு அண்ணன் தொண்டை வறள அறிவிப்புக் கொடுத்துக்கொண்டிருக்க, விடியும் வரைக்கும் ஆட்டம் போகும். போட்டிக்கு ஒரு வாரம் முன்னாலேயே டீக்கடையில் கூட்டம் கூடிவிடும். ஏறிப் பாட ஆள் இருக்கு, பிடிக்க ஆள் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு பையன் கணுக்காலை நல்லாப் பிடிக்கிறான், அவனைக் கூப்பிடலாமா? அவனுக்குப் பஸ் காசு, சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுக்கணும். அப்ப நம்ம தெருப் பையன் ஒருத்தன் வெளியில உட்காரணும். அவன் அப்பா சும்மா இருப்பாரா?

இதுதான் ஏலம். சுத்தியல் மட்டும்தான் இல்லை. நம்ம ஊர்ப் பையனா, ஜெயிக்கிற பையனா? இந்தக் கேள்வி கமுதியில் தீர்ந்ததும் இல்லை, சென்னையில் தீர்ந்ததும் இல்லை.

ஊர் ஆட்டத்துக்கு மேலே இருந்த பெரிய தேர்வு வேறு மாதிரி. 1938-ல் கல்கத்தாவில் தேசியப் போட்டியில் கபடி சேர்ந்தது. 1990 பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்க ஆட்டமானது. அந்தக் காலத்துக் கபடிக்காரனுக்கு லட்சியம் ஏலத்தொகை கிடையாது, வேலை. ரயில்வே, ராணுவம், போலீஸ், மின்வாரியம், வங்கி என்று எந்த டீமாவது கூப்பிட்டு ஒரு ஆர்டர் கையில் கொடுத்தால் வாழ்க்கை செட்டில். தூத்துக்குடிப் பக்கம் மணத்தியில் இருந்து வந்த கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அடுத்த வருஷமே அர்ஜுனா விருது பெற்றார். 'பைசன்' படம் பார்த்த பிறகுதான் நம்மில் பல பேருக்கு அவர் பெயரே தெரியும். அவருக்கும் அவர் தலைமுறைக்கும் ஏலமும் இல்லை, ஜெர்ஸி பின்னால் பெயரும் இல்லை.

சுத்தியல் வந்த பிறகு

2014-ல் புரோ கபடி எட்டு அணிகளோடு தொடங்கியது. முதல் ஏலத்தில் அதிகத் தொகை ராகேஷ் குமாருக்கு, 12 லட்சத்து 80 ஆயிரம். 2018-ல் தொகை ஒரு கோடியைத் தாண்டியது. நான்கு வருஷத்தில் பன்னிரண்டு லட்சத்தில் இருந்து கோடி. எந்த ஐடி கம்பெனி ஹைக்கும் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது.

தமிழ் தலைவாஸ் வந்தது 2017-ல், ஐந்தாவது சீசனில், இன்னும் மூன்று புது அணிகளோடு. சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர். கமல்ஹாசன் விளம்பரத் தூதர். கேப்டன் அஜய் தாக்கூர், 2016 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இரானைப் புரட்டிப் போட்டவர். பேப்பரில் பார்த்தால் எல்லாமே சரி. சீசன் முடிவில் பி பிரிவில் கடைசி இடம். அடுத்த சீசனும் அதே கடைசி. ஏழாவது சீசனுக்கு ராகுல் சவுதரியை 94 லட்சத்துக்கு எடுத்தார்கள். ராகுல், அஜய், மஞ்சித் சில்லர், மூன்று பெரிய பெயர்கள் ஒரே அணியில். பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாவது இடம்.

இங்கே கொஞ்சம் அமெரிக்கா போய்ட்டு வருவோம். அங்கே அமெரிக்கன் ஃபுட்பாலில் ஏலம் கிடையாது, டிராஃப்ட். கல்லூரியில் இருந்து வருகிற புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. பிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் கொண்டுவந்த யோசனை இது. 1936-ல் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் ஆளாகத் தேர்வானவர் ஜே பெர்வாங்கர், அந்த வருஷக் கல்லூரி ஆட்டத்தின் பெரிய நட்சத்திரம். அவர் கடைசி வரை ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை. சம்பளம் ஒத்துவரவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த விதி இங்கே இருந்திருந்தால் மூன்று சீசன் கடைசியில் கிடந்த நமக்கு நல்ல இளம் ரைடர்கள் வரிசையாகக் கிடைத்திருப்பார்கள் என்று நான் ஒரு தடவை மாமாவிடம் சொன்னேன். "முதல்ல கை வைக்க விட்டா மட்டும் போதுமா? எதுல கை வைக்கணும்னு தெரிய வேணாமா?" என்றார். பெர்வாங்கர் கதையை அவருக்கு நான் சொல்லியிருக்கவே இல்லை.

கபடிக்குள்ள இருக்குற கணக்கு

மாமாவின் ஒத்தக்கால் பந்தல் வெறும் சொலவடை இல்லை. கபடி விதியிலேயே அது இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் அவுட் ஆனால் அவன் வேலை முடிந்தது. கபடியில் அவுட்டான ரைடர் வெளியே உட்கார்ந்து காத்திருப்பான். அவன் திரும்ப உள்ளே வரணும் என்றால் அவன் அணி எதிராளியை அவுட்டாக்கணும். அதாவது 2 கோடி ரூபாய் ஆட்டக்காரனைத் திரும்ப மேட்டுக்குள் கொண்டு வருவது பத்துப் பதினைந்து லட்சத்துக்கு எடுத்த கார்னரும் கவரும்தான். அவர்கள் பிடிக்கவில்லை என்றால் அவன் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டு இருப்பான். ஒரு ரைடருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு டிஃபென்ஸில் மிச்சம் பிடிப்பது, புது மோட்டார் வாங்கிவிட்டுக் கிணறு வெட்டாமல் விடுகிற மாதிரி.

சரி, 2022-க்கு வருவோம். அக்டோபர் 8, பெங்களூரு. தலைவாஸுக்கு முதல் மேட்ச், எதிரே குஜராத் ஜெயன்ட்ஸ். முதல் பாதியிலேயே டிஃபென்ஸில் நின்ற பவனுக்கு முழங்காலில் அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசன் முழுக்க அவர் திரும்பவில்லை. பாதிப் பட்ஜெட் சில நிமிஷத்தில் வெளியே. இன்னொன்றையும் கவனிங்க: அன்று குஜராத்துக்குக் கேப்டன் சந்திரன் ரஞ்சித், தமிழ்நாட்டு ரைடர்.

மாமாவுக்கு போன் அடித்தேன். "நான் சொன்னேன்ல" என்று சொல்வார் என்று நினைத்தேன். "பாவம்டா அந்தப் பய. முழங்கால் போனா என்னா வலின்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் நரேந்தர் என்று ஒரு பையன் ரெய்டுக்குப் போக ஆரம்பித்தான். ஹரியானாக்காரன், முதல் சீசன். ஏலத்தில் யாரும் கையைத் தூக்கி எடுத்த ஆள் இல்லை. புது இளம் ஆட்டக்காரர்கள் என்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது, அதன் வழியாக ஒப்பந்தமானவன். அந்த சீசனில் அவன் எடுத்த ரெய்டு பாயிண்ட் 243. பின்னால் சாகர் ராத்தி, சாஹில் குலியா என்று இளம் டிஃபென்ஸ். தலைவாஸ் முதன்முறையாக பிளே ஆஃப் போனது, உபி யோதாஸை டை பிரேக்கரில் வென்றது. டிசம்பர் 15-ல் அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 39-37 என்று தோற்றது. இரண்டே பாயிண்ட்.

அந்தப் பெரிய தொகை அன்றைக்கு நமக்கு ஒரு பாயிண்ட்கூடக் கொடுக்கவில்லை. அணியைத் தூக்கிக்கொண்டு போனது ஏலப் பட்டியலிலேயே இல்லாத ஒருவன். எக்செல் ஷீட்டை மூடி வைத்தேன்.

பட்டியலுக்கு வெளியே

நாம் வருஷா வருஷம் "யாரை எடுத்தாங்க" என்று சண்டை போடுகிறோம். நரேந்தர் கதை எனக்குச் சொன்னது வேறு கேள்வி: யாரைத் தேடினாங்க? எங்கே போய்த் தேடினாங்க?

தமிழ்நாட்டில் ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 2016-ல் பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனாக இருந்து கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதே வருஷம் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். பிறகு புனே, மும்பை, ஹரியானா என்று ஆடினார். தலைவாஸ் ஜெர்ஸியில் ஆடவில்லை. 2024-ல்தான் பயிற்சிக் குழுவில் வந்தார். பெண்கள் பக்கம் இன்னும் மோசம். 2016-ல் புரோ கபடியில் மூன்று அணிகளை வைத்து ஒரு தொடர் நடத்தினார்கள். சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடினாள். அவளை எடுக்கச் சண்டை போட அன்று புரோ கபடியில் ஒரு ஏலமே இருக்கவில்லை.

மாமாவுக்கு ஒரு மகன். அப்பா மாதிரியே வலது கார்னர். பகலில் கமுதி சோலார் பிளான்ட்டில் ஒப்பந்த வேலை, சாயங்காலம் கருவேலங்காட்டைத் தாண்டி இருக்கிற பொட்டலில் பயிற்சி. இரண்டு வருஷத்துக்கு முன் வெளியூரில் ஒரு செலக்‌ஷன் டிரையல்ஸுக்கு ராத்திரி பஸ் பிடித்துப் போனான். அது மேட்டில் நடந்தது. அவன் அதுவரை ஆடியது மண்ணில், வெறுங்காலில். மேட்டுக்கு ஷூ வேண்டும் என்று போன பிறகுதான் தெரிந்தது. யாரிடமோ ஒரு சைஸ் பெரிய ஷூவைக் கடன் வாங்கிக் கட்டினான். முதல் பிடிக்குத் தாவும்போதே கால் உள்ளே வழுக்கியது. மூன்றாவது ரெய்டுக்குப் பிறகு பெயரைக் கூப்பிடவில்லை. அங்கே இருந்தவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

அவன் ஊருக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. நான்தான் ஆன்லைனில் ஒரு ஷூ வாங்கி அனுப்பினேன், கொஞ்சம் தாமதமாக. அதன் விலை இரண்டாயிரத்துச் சொச்சம். 2 கோடியே 26 லட்சத்தை வைத்து ஒரு மணி நேரம் சண்டை போட்ட எனக்கு, வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு கார்னருக்கு இரண்டாயிரம் ரூபாய் ஷூ இல்லை என்பது அன்றுவரை தெரியாது.

2025 ஏலத்தில் தலைவாஸ் அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்துச் சொச்சத்துக்கு எடுத்தது. பவனும் திரும்ப வந்தார், இந்தத் தடவை 59 லட்சத்து 50 ஆயிரத்துக்கு. நான் வழக்கம்போல மாமாவுக்கு போன் போட்டேன். "ரைடர் ரெண்டு பேரு சரி. கார்னருக்கு யாருடா?" என்றார். பின்னால் சத்தம் கேட்டது. மகன் பொட்டலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "டேய், ஷூவைப் போட்டுப் பழகுடா. மண்ணுல தேஞ்சா தேயட்டும்" என்று இவர் கத்தினது எனக்குக் காதில் விழுந்தது.

அவ்வளவுதான் மக்களே. உங்கள் கனவு ஏழு பேர் பட்டியலை அனுப்புங்க, சண்டை போடலாம். ஆனால் இந்தத் தடவை ஒரு நிபந்தனை: அதில் ஒரு பெயர் உங்கள் ஊர்ப் பொட்டலில் நீங்கள் கண்ணால் பார்த்த பையனாகவோ பொண்ணாகவோ இருக்கணும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.