கத்தரிக்குப் போன புகழ்: அரிவாள் செல் நோயும் கருக்கால ஹீமோகுளோபினும்

2021 ஜனவரி 21 தேதியிட்ட ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. முதலாவதில் பாஸ்டன் ஆய்வாளர்கள், அரிவாள் செல் ரத்தசோகை உள்ள 6 பேரின் ஸ்டெம் செல்களுக்குள் வைரஸ் வழியாக ஓர் ஆர்என்ஏ துணுக்கை அனுப்பி, பிசிஎல்11ஏ என்ற மரபணுவை அடக்கியிருந்தார்கள். இரண்டாவதில் அதே மரபணுவை, சிவப்பணுக்களின் வரிசையில் மட்டும், மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் கத்தரியால் முடக்கியிருந்தார்கள். அதில் நோயாளிகளே இருவர்தான். ஒருவருக்கு அரிவாள் செல் நோய், மற்றவருக்குத் தலசீமியா என்ற ரத்தக் கோளாறு. இரண்டு வழியிலும் கிடைத்த பலன் ஏறக்குறைய ஒன்று. உலகம் கொண்டாடியதும் நினைவில் வைத்திருப்பதும் இரண்டாவதைத்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஜெனிபர் டவுட்னாவும் இமானுவேல் ஷார்பன்டியேவும் கிரிஸ்பர் கருவிக்காக வேதியியல் நோபல் பரிசு பெற்று அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ‘காஸ்ஜெவி’ என்ற பெயரில் இந்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தபோது, மரபணுத் திருத்தத்தின் முதல் வெற்றி என்றே அது வரலாற்றில் பதிவாயிற்று. அது பொய்யில்லை. ஆனால் இந்த வெற்றியில் கருவிக்கு உரிய பங்கு எவ்வளவு, எந்த இடத்தில் கைவைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டதற்கு உரிய பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், பெரும்பங்கு பின்னதற்கே போகும். அந்த அறிவு சேர 60 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதே அறிவில் விளைந்த இன்னொரு சிகிச்சை, சில ரூபாய் விலையுள்ள ஒரு மாத்திரை, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தேவைப்படுவோரில் மிகப் பலருக்குப் போய்ச் சேரவில்லை.

நோயின் கதை 1910-இல் தொடங்குகிறது. கிரெனடா தீவிலிருந்து சிகாகோவுக்குப் பல் மருத்துவம் படிக்க வந்த மாணவர் ஒருவரின் ரத்தத்தில் அரிவாள் வடிவச் சிவப்பணுக்களைக் கண்டதாக ஜேம்ஸ் ஹெரிக் எழுதினார். 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்று காட்டினர். பின்னர் வெர்னான் இங்ரம் பீட்டா சங்கிலியின் 6-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பாடநூல்கள் இந்த மூன்று பெயர்களையும் தவறாமல் சொல்லும்.

அவை பெரும்பாலும் சொல்லாமல் விடும் பெயர் ஜேனட் வாட்சன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பணியாற்றிய குழந்தை மருத்துவர். நோய்க் கூறு உள்ள தாய்மார்களின் ரத்தத்தையும் அவர்களுக்குப் பிறந்த சிசுக்களின் ரத்தத்தையும் நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆக்சிஜன் குறைந்ததும் தாயின் அணுக்கள் வளைந்தன. சிசுவின் ரத்தத்தில் வளைந்தவை சொற்பம். வளையவும் வெகு நேரம் பிடித்தது. குழந்தை கருவில் இருக்கும்போது சுரந்த வேறொரு ஹீமோகுளோபின்தான் காப்பாற்றுகிறது, மாதங்கள் போகப்போக அது மறைவதால்தான் நோய் தலைகாட்டுகிறது என்று 1948-இல், அதாவது பாலிங்கின் கட்டுரைக்கு ஓராண்டு முன்பே, வாட்சனும் சகாக்களும் எழுதினார்கள். இன்றைய சிகிச்சையின் சாரம் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.

அது எப்படிக் காப்பாற்றுகிறது என்பது பின்னாளில் தெளிவானது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட அரிவாள் ஹீமோகுளோபினில், வந்து உட்கார்ந்த வாலின் பக்கத்து மூலக்கூறின் பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றோடொன்று கோத்து, 14 இழைகள் முறுக்கிய கயிறாக நீண்டு, அணுவை உள்ளிருந்தே நெம்புகிறது. கருக்கால ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி. அது இந்தக் கோவையில் சேராது. பாதி அரிவாள், பாதி காமா என்று கலந்து உருவாகும் மூலக்கூறும் சேராது. ஆகவே அணுவுக்குள் அது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குக் கயிறு திரிவது தடைப்படும்.

இதை மனிதரிடம் சோதித்துப் பார்க்க எந்த ஆய்வகமும் தேவைப்படவில்லை. இயற்கையே அந்தச் சோதனையைச் செய்து வைத்திருந்தது. அரிவாள் மரபணுவோடு, வளர்ந்த பின்னும் கருக்கால ஹீமோகுளோபினைச் சுரக்கவைக்கும் இன்னொரு மரபுக் கூறையும் சேர்த்துப் பெற்ற சிலர் பெரிய துன்பமின்றி வாழ்வதை 1950-களிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் மருத்துவர்கள் பதிவுசெய்தனர். 1970-களில் சவுதி அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும், 1980-களில் ஒடிசாவிலும் இதே காட்சி. ஆப்பிரிக்க வம்சாவளியினரைவிட இங்கே கருக்கால ஹீமோகுளோபின் கூடுதல், நோயின் உக்கிரம் பொதுவில் குறைவு. இந்த இரு நிலப்பகுதிகளுக்கும் பொதுவான மரபணுப் பின்னணிக்கு அரபு-இந்திய வகை என்று பெயர். இந்தியாவில் இந்த மரபணு இருப்பதே 1952-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அதை நீலகிரியின் பழங்குடிகளிடம் கண்டறிந்து ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார்கள். அறிவியல் வரலாற்றில் நீலகிரிக்கு இப்படியொரு இடம் உண்டு என்பதைத் தமிழில் எழுதியவர்கள் குறைவு.

ஓர் எச்சரிக்கை. ‘இந்திய வகை லேசானது’ என்ற முடிவை நம் மருத்துவ உலகம் வேண்டிய அளவுக்கு மேல் நம்பிவிட்டது. மத்திய இந்தியாவில், நாக்பூரை மையமாகக் கொண்டு குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வுகள், கடும் வலியும் தொற்றும் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலையும் கணிசமான குழந்தைகளுக்கு வருவதைக் காட்டின. சராசரியை வைத்து ஒரு நோயாளிக்கு ஆறுதல் சொல்வது எளிது. அவருக்குச் சிகிச்சை கொடுக்காமல் விடுவதற்கும் அதே சராசரி சாக்காகிவிடுகிறது.

இனி மரபணுவுக்கு வருவோம். காமாவை நிறுத்தி பீட்டாவைத் தொடங்கும் மாற்றத்தை யார் நடத்துகிறார்கள் என்ற கேள்வி பல பத்தாண்டுகள் பதிலின்றிக் கிடந்தது. லண்டனில் ஸ்வீ லே தெய்ன் குழுவினர் ஆரோக்கியமான இரட்டையர்களின் ரத்தத்தை ஒப்பிட்டு, கருக்கால ஹீமோகுளோபின் சிலருக்குக் கூடுதலாக இருப்பதற்கும் 2-ஆம் குரோமோசோமில் உள்ள பிசிஎல்11ஏ-க்கும் தொடர்பு உண்டு என்று 2007-இல் அறிவித்தனர். ரத்தவியலாளர்கள் அதுவரை தேடாத இடம் அது. சார்டினியத் தீவு மக்களிடம் நடந்த ஆய்வு அடுத்த ஆண்டே அதை உறுதிசெய்தது. 2008 இறுதியில் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வகத்தில் விஜய் சங்கரன் முதலானோர், பிசிஎல்11ஏ-வை அடக்கினால் காமா மீண்டும் எழுகிறது என்று செல்களில் நிரூபித்தார்கள். 2011-இல் அதை நீக்கிய எலிகள் நோயிலிருந்து மீண்டன.

அதற்காக மனிதரிடம் அந்த மரபணுவை அப்படியே வெட்டிப்போட முடியாது. வெள்ளணுக்களில் ஒரு வகை உருவாகவும் மூளை வளரவும் அது வேண்டும். 2013-இல் டேனியல் பாவர் முதலானோர் இந்தச் சிக்கலை அவிழ்த்தனர். தெய்ன் குழு கண்ட வேறுபாடுகள் மரபணுவின் புரதம் எழுதும் பகுதியில் இல்லை. அதே மரபணுவுக்குள், புரதம் எழுதாத ஓர் ஊக்கிப் பகுதியில் இருந்தன. அந்த ஊக்கி வேலை செய்வது சிவப்பணுவாகப் போகும் செல்களில் மட்டும். அதைக் கெடுத்தால் அங்கே மட்டும் பிசிஎல்11ஏ குறையும், மற்ற இடங்களில் பழையபடி இருக்கும். அந்த வேறுபாட்டோடு பிறந்தவர்கள் நலமாக நடமாடுவதே பாதுகாப்புக்கு முதல் சான்று. காஸ்ஜெவி வெட்டுவது இந்த ஊக்கியைத்தான். கொடுமையான மரபணு என்று பேர் வாங்கிய அரிவாள் மரபணுவை அது தொடுவதே இல்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானதுதான். அந்த ஊக்கியில் எந்தச் சில எழுத்துகள் உயிர்நாடி என்பதை 2015-இல் கண்டுபிடித்ததே கிரிஸ்பரைக் கொண்டுதான். வரிசை முழுவதையும் அடுத்தடுத்து வெட்டிப் பார்த்தார்கள். கருவி இங்கே தேடும் விளக்காகவும் உதவியது. இதை மறுக்க முடியாது. ஆனாலும் தேட வேண்டிய தெருவை மனித மரபியல் காட்டிய பிறகே விளக்கு ஏற்றப்பட்டது. பாஸ்டனின் ஆர்என்ஏ வழி, காமா மரபணுவின் முகப்பையே திருத்தும் வேறு கத்தரி, டிஎன்ஏ-வின் இரு இழையையும் வெட்டாமல் ஒரே எழுத்தை மாற்றும் திருத்தி என்று இதுவரை சோதிக்கப்பட்ட பல முறைகளும் ஒரே இலக்கைக் குறிவைக்கின்றன. கருவிகள் ஒன்றையொன்று பதிலீடு செய்துகொள்கின்றன. இலக்கு வாட்சன் சொன்னதுதான்.

இலக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் சமீபத்திய உதாரணம் இருக்கிறது. வோக்செலோட்டர் என்ற மாத்திரை, ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விடாமல் பற்றிக்கொள்ளச் செய்து கயிறு திரிவதைத் தடுக்கும் என்ற கணக்கில் 2019-இல் அமெரிக்காவில் விரைவு ஒப்புதல் பெற்றது. பரிசோதனை அறிக்கையில் ஹீமோகுளோபின் அளவு ஏறியது. நோயாளியின் வலி அதற்கேற்பக் குறைந்ததாக நிலைநாட்டப்படவில்லை. வலித் தாக்குதல்களும் மரணங்களும் பற்றிய கவலைக்குரிய தரவுகள் வரவே, 2024 செப்டம்பரில் நிறுவனம் உலகச் சந்தையிலிருந்தே அதைத் திரும்பப் பெற்றது. வேதியியல் தர்க்கம் பிழையற்றதாகத் தோன்றிய மருந்து அது. கருக்கால ஹீமோகுளோபினுக்கு இருந்ததைப் போல, பல தலைமுறை மனிதர்கள் வாழ்ந்து காட்டிய சான்று அதற்கு இல்லை.

காஸ்ஜெவியின் பலன் மகத்தானது. 2024-இல் வெளியான முடிவுகளின்படி, போதிய காலம் பின்தொடரப்பட்ட 30 பேரில் 29 பேருக்குக் குறைந்தது 12 மாதங்கள் கடும் வலித் தாக்குதலே வரவில்லை. மொத்த ஹீமோகுளோபினில் 40 சதவீதத்துக்கு மேல் கருக்கால வகை. ஆனால் அங்கே போய்ச்சேரும் வழி கரடுமுரடானது. எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு இழுத்துவர ஊசி. இயந்திரத்தோடு பல மணி நேரம் பிணைத்து அவற்றைப் பிரித்தெடுப்பது, போதவில்லையென்றால் மறுபடியும். ஆலையில் திருத்தித் தரம் பார்த்து வர மாதக்கணக்கு. பிறகு பியூசல்ஃபான் என்ற கீமோ மருந்தால் உடம்பில் மிச்சமுள்ள மஜ்ஜையை ஒழித்து இடம் காலிசெய்ய வேண்டும். வாய்ப்புண், முடி உதிர்தல், தொற்று அபாயம், பிள்ளைப்பேறு இழக்கும் அபாயம், வாரக்கணக்கில் தனிமை அறை. 2023-இல் அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். ஒப்புதல் கிடைத்த காலத்துக் கணக்கில் சுமார் 18 கோடி ரூபாய். உலகில் ஆண்டுதோறும் இந்நோயோடு பிறக்கும் சுமார் 5 லட்சம் குழந்தைகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சகாரா பாலைக்குத் தெற்கே பிறக்கின்றன.

தொடக்கத்தில் சொன்ன மலிவு மாத்திரை ஹைட்ராக்ஸியூரியா. 1869-இல் ஜெர்மனியில் தயாரிக்கப்பட்ட எளிய சேர்மம், நெடுங்காலம் ரத்தப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கப்பட்டது. கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்தும் என்று 1980-களில் தெரிந்து, 299 பேரிடம் நடந்த சோதனையில் வலித் தாக்குதல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 1995-இல் வெளியானது. ஆப்பிரிக்காவுக்கு ஒத்துவருமா, மலேரியா பெருகுமா என்ற அச்சத்தையும் 2019-இல் வெளியான ஆய்வு போக்கியது. அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா நாடுகளில் 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் வலி குறைந்தது, ரத்தம் ஏற்றுவது குறைந்தது. மலேரியாவும் மரணமும்கூடக் குறைந்தன.

மாத்திரை நோயைக் குணப்படுத்தாது, எல்லோருக்கும் ஒரே அளவில் வேலை செய்யாது, வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டும், அவ்வப்போது ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்ற ஆட்சேபங்கள் நியாயமானவை. அவை மருந்தை நிறுத்திவைக்கக் காரணமாக முடியாது. அருகிலேயே ஓர் ஆய்வகம் வேண்டும் என்பதற்குத்தான் காரணமாகும். அரபு-இந்திய வகையில் அளவையே குறைக்கலாம் போலிருக்கிறது. ஒடிசாவின் சம்பல்பூர் பகுதியில் உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற தாழ்ந்த அளவே பலனளித்ததாக ஆய்வுகள் உள்ளன. ஏற்கெனவே இயற்கை பாதி உயர்த்தி வைத்திருக்கும் அளவை மேலும் சற்று ஏற்றினால் போதும் என்பது இதற்குப் பொருத்தமான விளக்கம்.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய இயக்கம், 7 கோடிப் பேரைப் பரிசோதித்து 2047-க்குள் இந்நோயை ஒழிக்கும் இலக்கோடு நடக்கிறது. மரபணு வழிச் சிகிச்சைக்கான திறமையும் நாட்டில் வளர்கிறது. ஸ்டெம் செல்லில் வைரஸ் வழி மரபணுவைச் செலுத்தி ஹீமோஃபிலியா-ஏ நோயாளிகள் 5 பேருக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அளித்த சிகிச்சை, 2024 டிசம்பரில் அதே ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. அதை அரிவாள் செல் நோய்க்கும் கொண்டுவருவது நடக்கக்கூடியதே.

பரிசோதிக்கப்பட்டவர்களின் தொகையைச் சொல்லும் அறிக்கைகள் ஏராளம். நோய் உறுதியானவர்களில் எத்தனை பேர் ஹைட்ராக்ஸியூரியாவைத் தொடர்ந்து சாப்பிடுகிறார்கள், ஓராண்டு கழித்து அவர்களின் கருக்கால ஹீமோகுளோபின் எவ்வளவு ஏறியது என்ற இரண்டு எண்களும் அதே பக்கத்தில் வர வேண்டும். நீலகிரியின் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போல, பரிசோதனையையும் தொடர் கவனிப்பையும் ஒரே கூரையின் கீழ் நீண்ட காலமாக நடத்திவரும் இடங்களில் இந்தக் கணக்கை எடுக்க முடியும். தாழ்ந்த அளவு எந்த மக்களுக்குப் போதும், யாருக்குப் போதாது, யாரை வேலூர் போன்ற மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானிக்க அந்த எண்களே முதலில் வேண்டியவை.