தழும்புக்குச் சான்று எது?



விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, நம் கோவில் எழுந்த கதையை எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். அதை என்னினும் நன்கறிந்த பெரியவர்கள் எழுத முன்வந்துவிட்டார்கள். ஆகவே கடந்த தவக்காலத்தில் என் அறைக்கு வந்த ஒரு முதியவரின் வேண்டுகோளிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

அவர் 1971ஆம் ஆண்டுப் போரில் களம் கண்ட முன்னாள் படைவீரர். இடது தோளுக்குக் கீழே, பீரங்கிக் குண்டின் சிதறல் தைத்த தழும்பு இன்றும் இருக்கிறது. "ஒரு மனு எழுதித் தரோணுங்க சாமி" என்றார். போரில் காயமுற்றோர்க்கு உரிய பதக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. முன்பு ஒருமுறை எழுதிக் கேட்டதற்கு, காயம் எதிரியின் தாக்குதலால் ஏற்பட்டது என்பதற்கு ஆவணம் இல்லை என்று பதில் வந்துவிட்டதாம்.

"இந்த வயசுல பதக்கம் எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "காசுக்கு இல்லீங்க சாமி. வண்டியில இருந்து விழுந்து அடிபட்டவன்னு என்ற பேரப்பசங்க நெனச்சுட்டு இருக்கறாங்க. நடந்தது நடந்ததுன்னு சர்க்கார் ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதுங்க" என்றார்.

அந்த ஒரு வரிக்காக மனிதர்கள் எவ்வளவு காலமாகப் போராடி வந்திருக்கிறார்கள் என்பதை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன்.

போர்ப் புண்ணைப் பெருமையாகக் கொண்டது நம் தமிழினம். அதற்கு விழுப்புண் என்று பெயரே இட்டார்கள். திருவள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில் அதைப் பேசுகிறார். ஆனால் புண் எந்த இடத்தில் பட்டது என்பதும் அன்று ஒரு பெரும் கேள்வி. வெண்ணிப் போரில் கரிகாற் சோழன் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பை நோக்கி எறிந்த வேல், முதுகிலும் புண் உண்டாக்கியது என்பர். புறமுதுகு காட்டியவன் என்று ஊர் நினைத்துவிடுமே என்று நாணிய சேரன், வடக்கிருந்து உயிர் நீத்தான். புறநானூற்றுப் புலவர்கள் பாடி வைத்ததால் அவன் மானம் பிழைத்தது. களத்தில் விழுந்த எளிய வீரனுக்கோ ஊரார் நடுகல் நாட்டி, அவன் பெயரையும் செயலையும் அதில் செதுக்கி வைத்தார்கள். அரசனுக்குப் பாட்டும் வீரனுக்குக் கல்லும் சான்றாக நின்றன.

நம் சத்தியமங்கலமும் போரின் காயத்தை அறிந்த ஊரே. 1790ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கி வந்த திப்பு சுல்தானின் படையும், கர்னல் பிளாய்டின் தலைமையில் இங்கு முகாமிட்டிருந்த கும்பினிப் படையும் பவானி ஆற்றங்கரைப் பகுதியில் மோதின. பிளாய்டு பின்வாங்கிக் கோயம்புத்தூர் நோக்கிச் செல்ல நேர்ந்தது. அந்தக் கும்பினிப் படையில் நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களில் காயம்பட்டவர்கள் யார் யார்? அதிகாரிகளின் பெயர் நூல்களில் இருக்கிறது. சிப்பாயின் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது; அந்த வெற்றிக்காகக் கும்பினியார் பதக்கம் வழங்கினார்கள். ஆனால் தளபதிகளுக்குப் பொன், அடுத்த நிலையினர்க்குப் பொன் முலாம் பூசிய வெள்ளி, அதற்கும் கீழே வெள்ளி, பின் வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயக் கலவை என்று ஐந்து தரமாகப் பிரித்தார்கள். ஒரே களத்தில் ஒரே குண்டுக்கு நின்றவர்களைப் பதவி பார்த்து உலோகத்தால் பிரித்த காலம் அது.

காயத்துக்கென்றே ஓர் அடையாளம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது முதல் உலகப் போரில்தான். 1916இல் பிரிட்டிஷ் இராணுவம், காயமுற்றோர் இடக்கை முன்பகுதியில் அணிய ஒரு பொன்னிறப் பட்டையை அனுமதித்தது. எத்தனை முறை காயமோ அத்தனை பட்டை. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் 1782இல் ஏற்படுத்திய ஒரு விருது, 1932இல் 'பர்ப்பிள் ஹார்ட்' என்ற பெயரில் புத்துயிர் பெற்றது. முந்தைய போரில் காயமுற்றிருந்த வீரர்கள் அதற்கு விண்ணப்பித்துத்தான் பெற வேண்டியிருந்தது. சுதந்திர பாரதத்தில் இதற்கென உள்ளது பராக்கிரமப் பதக்கம். எதிரியின் நேரடிச் செயலால் காயமுற்றவர்க்கு உரியது அது. சிப்பாய்க்கு ஓர் உலோகம், தளபதிக்கு வேறோர் உலோகம் என்ற பேதம் இதில் கிடையாது.

பேதம் ஒழிந்தது, ஆனால் 'எதிரியின் நேரடிச் செயல்' என்ற நிபந்தனை இருக்கிறது. அது நியாயமான நிபந்தனைதான். முகாமில் வழுக்கி விழுந்தவரையும் களத்தில் குண்டடிபட்டவரையும் ஒன்றாகக் கருத முடியாது. ஆனால் களத்தில் கட்டுப் போட்டவர் அன்று என்ன எழுதினாரோ அதுவே சான்று. குண்டு மழைக்கு நடுவே 'காயம்' என்று ஒரே சொல் எழுதி அனுப்பியிருந்தால், அரை நூற்றாண்டு கழித்து அந்தச் சொல் போதாது.

கண்ணுக்குத் தெரியாத காயமானால் சங்கடம் இன்னும் பெரிது. 2020 ஜனவரி 8 அன்று ஈராக்கிலுள்ள அல் அசாத் தளத்தின்மீது ஈரானிய ஏவுகணைகள் விழுந்தன. அமெரிக்கர் எவருக்கும் தீங்கில்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்டோர்க்கு வெடிப்பின் அதிர்ச்சியால் மூளைக் காயம் ஏற்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. முதலில் 29 பேருக்கே பதக்கம் கிடைத்தது. விடுபட்டவர்களின் குறைகள் வெளிவந்து மறுபரிசீலனை நடந்த பிறகு, 2021 டிசம்பரில் மேலும் 39 பேருக்கு அது வழங்கப்பட்டது. உலகின் வலிமை மிக்க சேனையிலும் வீரன் தன் காயத்தை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் முரளிகாந்த் பேட்கரின் கதையை அறியாதவர்கள் அறிய வேண்டும். மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்துக்காரர். இராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கியவர், 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் 37.33 வினாடியில் தங்கம் வென்றார். பாரதத்துக்கு அந்தப் போட்டிகளில் கிடைத்த முதல் தங்கம் அது. அவர் அர்ஜுனா விருதுக்கு விண்ணப்பித்தபோது கிடைக்கவில்லை. 2018இல் பத்மஸ்ரீ வந்தது. வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருது 2025 ஜனவரியில், அவருடைய 80ஆம் வயதில் வந்தது. தங்கம் வென்றதற்கும் அதற்கும் இடையே 52 ஆண்டுகளுக்கும் மேல்! அவர் கேட்டது போர்ப் பதக்கம் அன்று. ஆயினும் காயமுற்ற வீரன் தன்னை மறந்துவிடாதீர்கள் என்று தட்டிய கதவு ஒன்றுதான்.

மறுநாள் முதியவரின் வீட்டுக்குச் சென்றேன். பரண்மேல் இருந்த தகர டிரங்குப் பெட்டியை இறக்கினோம். பழைய கம்பளிக்கு அடியில், பூச்சி அரித்த ஓர் உறை. அதனுள் அவரைக் கள மருத்துவமனையிலிருந்து பெரிய இராணுவ மருத்துவமனைக்கு மாற்றிய தாள் இருந்தது. குண்டுச் சிதறலால் ஏற்பட்ட காயம் என்பதும், தேதியும், ஒரு மருத்துவரின் கையொப்பமும் அதில் தெளிவாகத் தெரிந்தன. அவர் மனைவி, காலஞ்சென்றவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். "பட்டாளத்துக் காயிதம்" என்று அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

மனுவை எழுதினோம். தாளின் நகலை இணைத்து அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு அனுப்பினோம். இன்னும் பதில் வரவில்லை. மறுத்தால் மேல்முறையீட்டுக்கு வழியிருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து 2009 முதல் இயங்கிவரும் படைவீரர் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு.

ஆகையால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் படையில் பணியாற்றியவர் எவரேனும் இருந்தால், இந்த விழா ஆண்டு முடிவதற்குள் பெட்டியைத் திறந்து பாருங்கள். பணி விடுப்புப் புத்தகம், மருத்துவமனைத் தாள், பழைய கடிதம் எதுவானாலும் நகல் எடுத்து வையுங்கள். அவர் உயிரோடிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடம், எந்த நாள், உடன் இருந்தவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பங்கு இல்லத்துக்கு அழைத்து வாருங்கள். நான் எழுதித் தருகிறேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த முதியவரிடம் படித்துக் காட்டினேன். பேர் போட வேண்டாம் என்றார். அவருடைய மூத்த பேரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும் அவன், "தாத்தா, சட்டையைக் கழட்டுங்க, பார்க்கோணும்" என்றான்.